கிளீவ்லாந்தில் முதல் வாடகை வீடு: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கும் நண்பர்கள் ஒஹாயோ மாநில வீட்டு விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் போடுவார்கள். "மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் இருக்கிற வீடே ஒன்றரை லட்சம் டாலருக்குள் வருதே, எங்கேயோ இடிக்குதே?" என்பார்கள். இடிக்கத்தான் செய்கிறது. ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் 1950இல் ஒன்பது லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 3,72,624 பேர்தான். ஆலைகள் சுருங்கின, ஆட்கள் போய்விட்டார்கள், வீடுகள் நின்றுவிட்டன. அந்த வீடுகளைத்தான் நாம் மலிவு என்கிறோம்.

நான் இருப்பது அதே மாநிலத்தின் கொலம்பஸில். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் கார் ஓட்டினால் கிளீவ்லாந்தில் இருக்கும் என் மாடி வீட்டுக்குப் போய்விடலாம். அதை வாங்கியதில் கற்றதைத்தான், முதல் வீடு வாங்க நினைப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஊரை விடுங்கள், தெருவைப் பாருங்கள்

கயஹோகா ஆறு ஊரை மேற்கு, கிழக்கு என்று பிரிக்கிறது. மேற்கே ஓல்டு புரூக்ளின், வெஸ்ட் பார்க், அதை ஒட்டித் தனி நகராட்சியாக லேக்வுட். கிழக்கே யுனிவர்சிட்டி சர்க்கிளில் பெரிய மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும் இருப்பதால் வாடகைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அங்கிருந்து சில நிமிடம் ஓட்டினாலே ஜன்னலில் பலகை அடித்த வீடுகள் வரிசையாக நிற்கும் தெருக்களும் உண்டு. கணினியில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே அஞ்சல் குறியீடாகக்கூட இருக்கலாம். அதனால் ஒரு வார நாள் மாலையும் ஒரு சனிக்கிழமை இரவும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். காலி மனை எத்தனை, பலகை அடித்த வீடு எத்தனை, வாசலில் பூச்செடி வைத்த வீடு எத்தனை என்று எண்ணுங்கள். நேரில் போக முடியாதவர்கள் இந்த ஊரில் முதல் வீட்டை வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

படி 2: கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

விளம்பரத்தில் வருவது மொத்த வாடகை மட்டும். ஓர் உதாரணம் போடுவோம். எண்கள் என் கற்பனை, உங்கள் வீட்டின் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். விலை 1,40,000 டாலர். மேல் வீடு 1,100, கீழ் வீடு 1,100, மாதம் 2,200. ஆண்டுக்கு 26,400, அதாவது கிட்டத்தட்ட 19 சதவீதம். ஆஹா என்றுதான் தோன்றும்.

இனி கழியுங்கள். சொத்து வரி 300, காப்பீடு 150, தண்ணீர், சாக்கடைக் கட்டணம் 150, பார்த்துக்கொள்ளும் மேனேஜருக்குப் பத்து சதவீதம் 220, வீடு காலியாகக் கிடக்கும் நாட்களுக்கு எட்டு சதவீதம் 176, சில்லறை ரிப்பேர் 220, கூரை, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் போன்ற பெரிய செலவுக்கு எடுத்துவைக்க 220. மொத்தம் 1,436. மீதி 764. கால் பங்கு கையிலிருந்து போட்டு 1,05,000 டாலரை 7 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்கு வாங்கினால் தவணை ஏறத்தாழ 699. கையில் நிற்பது 65 டாலர். ஒரு ப்ளம்பர் படியேறி வந்தாலே அது போச்சு.

வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. விற்பவர் அந்த வீட்டிலேயே குடியிருப்பவராகவோ மூத்த குடிமகனாகவோ இருந்தால் அவருடைய ரசீதில் தள்ளுபடி கழிந்திருக்கும். நீங்கள் வாங்கி வாடகைக்கு விட்டால் அது கிடையாது. கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், இணையதளத்தில் தள்ளுபடிக்கு முந்தைய தொகையைத் தேடி எடுத்துக் கணக்கில் போடுங்கள். தண்ணீரும் அப்படித்தான். பழைய மாடி வீடுகள் பலவற்றில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர், பில் உங்களுக்கு வரும்.

படி 3: கடன்

முதலீட்டுக்கென்று இரண்டு முதல் நான்கு குடும்ப வீடு வாங்கினால், வழக்கமான கடனுக்குக் கால் பங்கு கையிலிருந்து போட வேண்டும். ஒரு பகுதியில் நீங்களே குடியேறினால் கதை மாறுகிறது. அரசு உத்தரவாதம் தரும் எஃப்.எச்.ஏ. கடனில் மூன்றரை சதவீதம் போதும். ஓராண்டாவது அங்கே இருக்கும் எண்ணத்தோடு வாங்க வேண்டும். அந்த ஊரிலேயே வேலை பார்க்கும் இளம் தம்பதிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மேலே இருப்பவர்கள் நடக்கும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: பேஸ்மென்ட்டில் இறங்குங்கள்

இந்த மாடி வீடுகளில் பெரும்பாலானவை நூறு வயதை நெருங்கியவை, அல்லது தாண்டியவை. வீட்டை இன்ஸ்பெக்டர் பார்ப்பார், சரி. சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது பெரும்பாலும் தனிக் கட்டணம், சில நூறு டாலர். யானை வாங்க வந்தவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த மாதிரி நான் அதை மிச்சம் பிடித்தேன். முதல் ஜனவரியிலேயே கீழ் வீட்டுக்காரர் அழைத்தார்: "பேஸ்மென்ட்டில் தண்ணி நிக்குது, நாத்தம் தாங்கல." மண் குழாயின் இணைப்புகளுக்குள் முன்வாசல் மேப்பிள் மரத்தின் வேர் நுழைந்து அடைத்திருந்தது. பனியில் உறைந்த தரையைத் தோண்டிக் குழாய் மாற்றிய செலவு, அந்த ஆண்டின் லாபத்தோடு அடுத்த ஆண்டின் லாபத்தையும் தின்றது.

மற்றபடி ஃபர்னஸின் வயது, மின் பெட்டியின் வயது, துருப்பிடித்த இரும்புத் தண்ணீர்க் குழாய்கள், சுவரில் ஈரத் தடம், மேல் தாழ்வாரத்தின் மரம் இற்றிருக்கிறதா என்பதையெல்லாம் பாருங்கள். பேஸ்மென்ட் சுவர் புதிதாக வெள்ளை அடித்துப் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

படி 5: நகராட்சியின் காகிதங்கள்

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். வாடகை வீட்டை நகராட்சியில் ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும். 1978க்கு முன் கட்டிய வாடகை வீடு என்றால் ஈயப் பெயிண்ட் ஆபத்து இல்லை என்ற சான்றிதழும் வேண்டும். 2021இலிருந்து இதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள். அந்தக் கால ஜன்னலைத் திறந்து மூடும்போது பெயிண்ட் உதிர்ந்து தூசாகிறது, அது குழந்தையின் வாய்க்குள் போகிறது. கிளீவ்லாந்துக் குழந்தைகள் இதனால் பட்டது நிறைய. வாங்கும் முன்பே சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஜன்னல் மாற்றும் செலவை விலையில் பேசுங்கள்.

2024இல் வந்த சட்டம் இன்னொன்று கேட்கிறது. உரிமையாளர் வீடு இருக்கும் கவுண்டியிலோ பக்கத்துக் கவுண்டிகளிலோ இல்லையென்றால், அங்கே வசிக்கும் ஒருவரைப் பொறுப்பாளராகக் காட்ட வேண்டும். நிறுவனத்தின் பெயரை எழுதிவிட்டு ஒதுங்க முடியாது, ஆள் வேண்டும். கொலம்பஸில் இருக்கும் எனக்கும் இது பொருந்தும்.

புறநகர்களுக்கு வேறு விதி. கிளீவ்லாந்து ஹைட்ஸ், ஷேக்கர் ஹைட்ஸ் போன்ற இடங்களில் வீடு கைமாறும்போதே நகராட்சி சோதனை போடும். கண்டுபிடித்த குறைகளைச் சரிசெய்தால், அல்லது அதற்கான பணத்தை ஒதுக்கி வைத்தால்தான் கிரயம் நடக்கும்.

படி 6: ஆள் பிடிப்பது

இங்கே நம் பழக்கம் ஒன்றை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். "தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்" என்று வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் போடுவதும் 1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டத்துக்கு எதிரானதுதான். இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு, ஊனம் பார்த்து மறுக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கிறார்கள் என்றும் மறுக்கக் கூடாது. பார்க்க வேண்டியது வருமானம், கடன் வரலாறு, முந்தைய வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்பது. அளவுகோலை முதலிலேயே எழுதி வைத்து எல்லோருக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னைக் கணக்கையும் மறந்துவிடுங்கள், இங்கே வழக்கம் ஒரு மாதம். காலி செய்த பின் 30 நாட்களுக்குள் திருப்ப வேண்டும். ஏதாவது பிடித்தால் எதற்கு எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். நியாயமில்லாமல் பிடித்தால் அதே அளவு நஷ்டஈடும் வக்கீல் செலவும் உங்கள் தலையில் விழும். குடிவரும் நாளில் அறை அறையாக வீடியோ எடுத்து வைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

படி 7: வாடகை வராத மாதம்

வரும், அந்த மாதம் எல்லோருக்கும் வரும். மூன்று நாள் நோட்டீஸ், பிறகு வீட்டுவசதி நீதிமன்றம். பூட்டை மாற்றுவது, ஹீட்டரை நிறுத்துவது எல்லாம் சட்டவிரோதம். நோட்டீஸ் கொடுத்த பின் அடுத்த மாத வாடகையை வாங்கிப் போட்டுக்கொண்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். எல்.எல்.சி. என்ற சிறு நிறுவனத்தின் பெயரில் வீடு இருந்தால் நீங்களே போய் வாதாட முடியாது, வக்கீல் வைக்க வேண்டும். எனக்கு ஒருமுறை அந்த நிலை வந்தது. குடியிருந்தவருக்கு வேலை போயிருந்தது. நீதிமன்றம் வரை போகாமல், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, சாமான் ஏற்ற வண்டிக்கும் பணம் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் சாவி கைக்கு வந்தது. கணக்குப் பார்த்தால் வழக்கைவிட அதுதான் மலிவு.

படி 8: வருமான வரி

கட்டடத்தின் மதிப்பை 27.5 ஆண்டுகளில் தேய்மானமாகக் கழிக்கலாம், மனைக்குக் கிடையாது. நம் உதாரணத்தில் மனை 20,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 4,364 டாலர் தேய்மானம். வாடகைக் கணக்கில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்திலிருந்து கழிக்கும் 25,000 டாலர் சலுகை, ஆண்டு வருமானம் 1,00,000 டாலரைத் தாண்டியதும் தேயத் தொடங்கி 1,50,000இல் மறைந்துவிடும். கணவன் மனைவி இருவரும் ஐ.டி. வேலையில் இருந்தால் இதை நம்பாதீர்கள். நஷ்டம் வீணாகாது, பின்னாளைக்கு நிற்கும். வீட்டை விற்கும்போது, கழித்த தேய்மானத்துக்கும் வரி கேட்பார்கள்.

ரசீதுகளை வாங்கிய அன்றே ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியில் போட்டு வைத்த என் ஹார்ட்வேர் கடை ரசீதுகள், ஏப்ரல் மாதம் ஆடிட்டர் கேட்டபோது வெள்ளைக் காகிதமாக இருந்தன.