கரு ஆராய்ச்சி தகுமா? கடலோர ஊரில் பட்டிமன்றம் நடத்த ஒரு வழிகாட்டி

‘அறிவியலால் விளைந்தது நன்மையா, தீமையா’ என்று தலைப்பு வைத்தால் பட்டிமன்றம் ஹிரோஷிமாவில் கிளம்பி, செல்போனில் இறங்கி, நடுவரின் நகைச்சுவையோடு கலைந்துவிடும். கரு ஆராய்ச்சியைப் பற்றி ஊர் உருப்படியாக யோசிக்க வேண்டுமென்றால் கேள்வியைச் சுருக்குங்கள். ‘குழந்தைப்பேறு சிகிச்சையில் மிஞ்சிய கருவை ஆராய்ச்சிக்குக் கொடுப்பது தகுமா, தகாதா?’ என்று வைத்தாலே உயிர் எப்போது தொடங்குகிறது, பெண்ணின் சம்மதம், சட்டத்தின் எல்லை எல்லாம் உள்ளே வந்துவிடும். அணுகுண்டுக்கு இடமிருக்காது.

நாள் குறிப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், மே மாதம் பள்ளியும் விடுமுறை. ராமநாதபுரம் கரையில் கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கம் நடத்தினால் மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்குக்கு முன்பே முடித்துவிட வேண்டும், மாலை 4.15-க்குத் தொடங்கி 6 மணிக்கு முடிப்பது தோது. தங்கச்சிமடம், பாம்பன் என்றால் ஞாயிறு காலைப் பூசை நேரத்தைத் தொடாதீர்கள்.

கடற்கரை மேடை பார்க்க அழகுதான், ஆனால் வைகாசிக் காற்றில் மைக் இரைச்சலைத் தவிர வேறெதையும் பிடிக்காது. பள்ளிக்கூட அரங்கமோ திருமண மண்டபமோ போதும். வெளியில்தான் வைத்தாக வேண்டுமென்றால் பேச்சாளரின் முதுகுப்பக்கம் காற்று வரும்படி மேடையைத் திருப்பி, பின்னால் படுதா கட்டி, மைக்குக்குப் பஞ்சுறை போடச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் வயர் முனைகள் களிம்பேறியிருக்கும். மைக்செட்காரரை ஒரு மணி நேரம் முன்பே வரவழைத்துத் துடைக்கச் செய்வது நல்லது. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி கட்டாயம்.

பொதுத் தகவல் தாள்

மொத்த வேலையில் பாதி இதுதான். பெரும்பாலான ஊர்ப் பட்டிமன்றங்கள் கெட்டுப்போவது ஆளாளுக்கு ஒரு தகவலோடு வருவதால். இரண்டு அணிக்கும் நடுவருக்கும் ஒரே தாளைப் பத்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். அதில் உள்ளதை மேடையில் யாரும் மறுக்கக் கூடாது. அதற்கு என்ன பொருள் என்பதில்தான் சண்டை. கீழே உள்ளவை கட்டாயம் இருக்கட்டும்.

ஊசி மருந்து கொடுத்து ஒரே சுற்றில் பல கருமுட்டைகளை எடுத்து, உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைப்பதால்தான் கரு மிஞ்சுகிறது. மிஞ்சியதைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். ஐந்தாம் நாள் கருவில் ஏறக்குறைய நூறு செல்கள் இருக்கும். அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ. அதன் உட்பகுதிச் செல்களைப் பிரித்தால் உடம்பின் எந்தச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல் கிடைக்கும், ஆனால் அந்தக் கரு அதோடு அழிந்துவிடும். மனிதக் கருவிலிருந்து இதை முதலில் செய்து காட்டியது 1998-ல், அமெரிக்காவில்.

கருவை ஆய்வகத்தில் பதினான்கு நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற வரம்பு எங்கிருந்து வந்தது என்பதை எழுதாமல் விடாதீர்கள். ஏறத்தாழ அந்த நாளில்தான் கருவில் முதுகுப்பக்க அச்சுக்கோடு தோன்றுகிறது. அதற்குமுன் ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம். பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1984-ல் இதைப் பரிந்துரைத்தது, 1990-ல் அங்கே சட்டமானது. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளிலும் அதே வரம்புதான். 2016-ல் ஆய்வகங்கள் கருவைப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் வரை வளர்த்துக் காட்டின. 2021-ல் ஸ்டெம் செல் ஆய்வாளர்களின் சர்வதேச சங்கம் அந்த வரம்பைத் தளர்த்தியது. வரம்பு எட்டாத தூரத்தில் இருந்தவரை எல்லாரும் அதை மதித்தார்கள், நெருங்கியதும் நகர்த்தச் சொல்கிறார்கள். தகாது என்ற அணிக்கு இதைவிட நல்ல வாதம் கிடைக்காது.

சட்டம்: 2021-ஆம் ஆண்டு இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி கருவைப் பத்து ஆண்டுக்கு மேல் சேமிக்க முடியாது. அதன்பிறகு அழிய விட வேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரலாம். விற்பது குற்றம். ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முழுத் தடை.

அணிகளுக்குச் சரக்கு

தகும் என்ற அணி 1978-ஐக் கையில் எடுக்கட்டும். ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன், அக்டோபரில் கொல்கத்தாவில் துர்கா என்று இரண்டு சோதனைக்குழாய்க் குழந்தைகள் பிறந்த ஆண்டு அது. முதல் குழந்தைக்குக் காரணமான ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010-ல் நோபல் பரிசு. இரண்டாவதைச் சாதித்த மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயை நம்ப அன்றைய அரசுக் குழு மறுத்தது. அவர் 1981-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அறிவியல் செய்யும் தீமையோடு அறிவியலுக்குச் செய்யப்படும் தீமையையும் கணக்கில் வைக்க இந்த ஒரு சம்பவம் போதும்.

தகாது என்ற அணிக்கு 2018: சீனாவில் ஹெ ஜியான்குயி கருவின் மரபணுவைத் திருத்திக் குழந்தைகளைப் பிறக்க வைத்தார், மறு ஆண்டு மூன்றாண்டு சிறைத்தண்டனை. இன்னும் கனமானது, கருவை அழிக்காமலே வளர்ந்தவரின் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்ற முடியும் என்று ஷின்யா யாமனாகா 2006-ல் எலியிலும் 2007-ல் மனித செல்லிலும் காட்டியது. பிறகு கரு எதற்கு என்று கேட்கலாம். ஆரம்பக் கரு ஏன் தங்காமல் போகிறது என்பதை அந்தச் செல்லை மட்டும் வைத்து முழுதாக அறிய முடியாது என்பது மறுமொழி. 2022-ல் ஈரோட்டில் வெளிவந்த சிறுமியின் கருமுட்டை விற்பனை வழக்கையும் யாராவது இழுப்பார்கள். அது ஆராய்ச்சி அல்ல, சிகிச்சை வணிகம். நடுவர் அதைச் சொல்லிவிட்டு, முட்டை தருபவளின் உடம்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.

மேடையில்

அணிக்கு மூவர், ஆளுக்கு எட்டு நிமிடம், ஏழாவதில் மணி. நடுவர் முன்னுரை பத்து, அணித்தலைவர் மறுப்புரை நான்கு நான்கு, அவையின் கேள்விக்குப் பதினைந்து, தீர்ப்புக்குப் பதினைந்து. கூட்டினால் 96 நிமிடம். வரவேற்புரையும் பொன்னாடையும் ஒன்பது நிமிடத்தில் முடிந்தால்தான் 6 மணிக்கு எழ முடியும்.

தொடக்கத்திலேயே கறுப்புத் தாளில் கடற்கரைப் பொடிமணலைத் தூவி, துகள் ஒன்றை ஒதுக்கி முன்வரிசைக்குக் காட்டுங்கள். கரு அந்த அளவுதான். ‘இவ்வளவுதானா’ என்று ஓரணி கேட்கும், ‘நாம் எல்லாரும் இவ்வளவாகத்தானே இருந்தோம்’ என்று மற்றது. விவாதம் அங்கேயே சூடு பிடித்துவிடும்.

மதத்தை ஒதுக்கிவிட்டு இந்தத் தலைப்பை இங்கே பேச முடியாது, அதற்கு முயலவும் வேண்டாம். ஆனால் அணி பிரிக்கும்போது மதத்தை வைத்துப் பிரித்தால் தொலைந்தது. கருவுற்ற கணத்திலிருந்தே மனித உயிருக்குரிய மதிப்பு என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை. சோதனைக்குழாய் முறையையே அது ஏற்பதில்லை. ஆகவே அந்தப் பேச்சாளர் ‘கரு மிஞ்சியிருக்கவே கூடாது’ என்று தலைப்புக்கு வெளியே போய்விடுவார், முன்பே சொல்லிவையுங்கள். இஸ்லாமிய அறிஞர்களில் பலர் ரூஹ் (ஆன்மா) ஊதப்படுவதை 120-ஆம் நாளிலும் சிலர் 40-ஆம் நாளிலும் வைக்கிறார்கள். அதனாலேயே ஐந்தாம் நாள் கருவை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிடாது. உத்தரகோசமங்கை பக்கத்துப் பேச்சாளர் என்றால் மாணிக்கவாசகர் திருவாசகத்தின் போற்றித் திருஅகவலில் கருப்பையின் பத்து மாதத்தையும் அடுக்கியதைச் சொல்லாமல் விடமாட்டார். நன்றாகச் சொல்லட்டும். அது தாய் வயிற்றில் உள்ள கருவைப் பற்றியது, ஆய்வகத் தட்டில் உள்ளதைப் பற்றியது அல்ல என்று எதிரணி பிடித்துக்கொள்ளும்.

மண்டபம் ஊரில் உள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கடல்விரால் மீனின் முட்டையைப் பொரிக்க வைப்பது கரைக்காரர்களுக்குத் தெரியும். ‘மீனுக்குச் செய்யிறத மனுசனுக்குச் செஞ்சா என்னண்ணே?’ என்று அவையில் ஒருவர் எழுவார். சிரித்து மழுப்பாதீர்கள். மீனிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. இங்கே ஒரு தம்பதியிடம் வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்து, சிகிச்சை தோற்றுப்போன வாரத்தில், படிக்க முடியாத ஆங்கிலப் படிவத்தில் வாங்கப்பட்டதா என்பதுதான் உண்மையான அறக்கேள்வி.

அவையில் பிள்ளைக்காக ஏங்கும் பெண்கள் இருப்பார்கள். ‘மலடி’ என்ற சொல் மேடையில் வரக் கூடாது என்று பேச்சாளர்களிடம் நேரடியாகச் சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் பழமொழியாக வந்து விழும். அவைக் கேள்விகளைத் துண்டுச்சீட்டில் வாங்கினால் பெண்களும் கேட்பார்கள். மைக்கை நீட்டினால் ஆண்கள் மட்டும்தான் எழுவார்கள்.

‘இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது’ என்று நடுவர் நழுவினால் அந்தக் கூட்டமே வீண். தகும் அல்லது தகாது என்று சொல்லி, எந்த நிபந்தனையில் என்றும் சொல்ல வேண்டும்: எத்தனை நாள் வரை, யார் சம்மதித்து, எந்த ஆய்வுக்கு, மனம் மாறினால் திரும்பப் பெற வழி என்ன. இந்த நான்கையும் அட்டையில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

செலவுக்கு மீனவர் சங்கத்திடமோ ஜமாஅத்திடமோ பங்குத்தந்தையிடமோ கேட்கலாம், ஊர்க்கடைகளில் வசூலிக்கலாம். கருத்தரிப்பு மையங்களிடம் மட்டும் வாங்காதீர்கள். அவர்களின் பேனர் பின்னால் தொங்கினால் நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் விளம்பரம் என்றுதான் ஊர் பேசும்.