நிறவெறிக் கூச்சல் எழுந்த மைதானத்தைப் புறக்கணிப்பது எப்படி

கேலரியிலிருந்து ஒருவன் தோல் நிறத்தைச் சொல்லித் திட்டுகிறான், குரங்கு போல ஓசை எழுப்புகிறான், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். "இனிமேல் இந்த மைதானத்தில் கால் வைக்கமாட்டேன்" என்று அன்றிரவு டிரெஸ்ஸிங் ரூமில் ஒருவர் சொன்னால் அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் கோபத்தோடு மட்டும் நின்றுவிட்டால் நாலு நாளில் செய்தி அடங்கிவிடும், அடுத்த சீசனில் அதே ஆட்களுக்கு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். புறக்கணிப்பில் இறங்குவதென்றால் பலன் கிடைக்கிற மாதிரி இறங்க வேண்டும். நான் சொல்ல வருவது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திட்டு வாங்கியவரைத் தனியாக முன்னால் நிறுத்தி எதையும் தொடங்காதீர்கள். பேச்சையும் நஷ்டத்தையும் அணி மொத்தமாக ஏற்றுக்கொள்ளட்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தனியாகச் சுமந்தவர்களின் கதை நமக்குத் தெரியும். 2001 மார்ச், கலிபோர்னியாவின் இந்தியன் வெல்ஸ் டென்னிஸ் போட்டி. அரையிறுதியில் செரீனா வில்லியம்ஸும் அக்கா வீனஸும் மோத வேண்டியது, முழங்கால் வலி என்று ஆட்டத்துக்குச் சற்று முன்பு வீனஸ் விலகிவிட்டார். இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டம். 19 வயது செரீனா, எதிரில் பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்டர்ஸ். வீனஸும் அப்பா ரிச்சர்டும் இருக்கைக்கு இறங்கி வரும்போதே அரங்கம் கூச்சல் போட்டது, செரீனா பந்தைத் தவறவிட்டால் கைதட்டியது. நிறத்தைச் சொல்லித் தன்னைத் திட்டினார்கள் என்று ரிச்சர்ட் பிறகு சொன்னார். 4-6, 6-4, 6-2 என்று செரீனா ஜெயித்தார், உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுததாகப் பின்னாளில் எழுதினார். அதற்கப்புறம் 14 ஆண்டுகள் அந்தப் போட்டிக்கு அவர் போகவே இல்லை, வீனஸும் போகவில்லை. 2009-இல் முன்னணி வீராங்கனைகள் கட்டாயம் ஆட வேண்டிய போட்டிகளில் ஒன்றாக அது ஆன பிறகும் போகவில்லை. உறுதியான முடிவுதான், ஆனால் அத்தனை ஆண்டுகளும் "ஏன் வரவில்லை, எப்போது வருவீர்கள், இன்னும் மன்னிக்கவில்லையா" என்ற கேள்வியெல்லாம் அந்த இரண்டு பெண்களிடமே கேட்கப்பட்டது. கூச்சல் போட்ட கூட்டத்திடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

இதோடு 1965 ஜனவரியை ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கின் ஆல்-ஸ்டார் ஆட்டம் (லீக்கின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடுவது) நியூ ஆர்லியன்ஸில் நடப்பதாக இருந்தது. அங்கே போய் இறங்கிய கறுப்பின வீரர்களை டாக்சிக்காரர்கள் ஏற்றிக்கொள்ளவில்லை, விடுதிகளும் கிளப்களும் உள்ளே விடவில்லை. (கேலரி செய்ததை அங்கே ஊரே செய்தது, பாடம் ஒன்றுதான்.) 21 வீரர்கள் ஓர் அறையில் கூடி வாக்கெடுத்து ஆடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். ரான் மிக்ஸ் என்ற வெள்ளைக்கார வீரர் முதலில் அவர்களை ஆடச் சொல்லி வாதாடிப் பார்த்தார், அவர்கள் உறுதியாக இருப்பதைப் பார்த்ததும் தானும் ஆடப் போவதில்லை என்று அவர்களோடு சேர்ந்துகொண்டார். சில நாட்களுக்குள் அந்த ஆட்டம் ஹூஸ்டனுக்கு மாற்றப்பட்டது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஆட்டம் நடக்கும்போதே

புறக்கணிப்புக்கு அடித்தளம் மைதானத்துக்குள்ளேயே போடப்படுகிறது. வசை காதில் விழுந்த அந்த நிமிடமே நடுவரிடம் சொல்லிவிடுங்கள், "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். திட்டு வாங்கியவர் போய்ச் சொல்வதைவிட கேப்டன் போய்ச் சொல்வது நல்லது. 2017-இல் இத்தாலியில் சுல்லி முன்டாரி என்ற கானா வீரர் கேலரியில் நிறவெறிக் கூச்சல் எழுந்ததும் நடுவரிடம் போய் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார், கிடைத்தது மஞ்சள் அட்டை. வெறுத்துப்போய் மைதானத்தைவிட்டு வெளியேறினார், அதற்கு இரண்டாவது மஞ்சள் அட்டையும் ஓர் ஆட்டத் தடையும் வந்தன. தடை சில நாளில் விலக்கப்பட்டது என்றாலும், அன்று அவர் பக்கத்தில் கேப்டனும் இன்னும் நாலு பேரும் நின்றிருந்தால் நடுவருக்கு அவ்வளவு சுலபமாக அட்டையை எடுக்கக் கை வந்திருக்காது.

கால்பந்தில் மூன்று கட்ட விதி இருக்கிறது. முதலில் ஆட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் எச்சரிக்கை, தொடர்ந்தால் இரு அணிகளையும் உள்ளே அனுப்பிச் சிறிது நேரம் இடைநிறுத்தம், அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டம் கைவிடப்படும். 2024 மே மாதம் முதல் ஃபிஃபா ஒரு சைகையையும் ஏற்படுத்தியிருக்கிறது, இரண்டு மணிக்கட்டுகளையும் குறுக்காக வைத்துக் காட்டினால் நிறவெறி வசை நடக்கிறது என்று அர்த்தம். மொழி தெரியாத நடுவரிடமும் இது செல்லும். உங்கள் விளையாட்டில் என்ன விதி என்று சீசன் தொடங்குவதற்கு முன்பே மேனேஜர் படித்து வைத்திருக்க வேண்டும், கூச்சலுக்கு நடுவில் நின்று விதிப் புத்தகம் புரட்ட முடியாது.

வெளியேறுவதா வேண்டாமா என்பதையும் சீசனுக்கு முன்பே அணியாகப் பேசிவிடுங்கள். 2013 ஜனவரியில் இத்தாலியக் கால்பந்து கிளப் ஏசி மிலனின் கெவின்-பிரின்ஸ் போவாடெங் ஒரு நட்பு ஆட்டத்தின் நடுவில் பந்தைக் கேலரி பக்கம் உதைத்துவிட்டு நடந்தார், அணி முழுக்கப் பின்னாலேயே போனது, ஆட்டம் அத்தோடு முடிந்தது. 2024 ஜனவரியில் அதே மிலனின் கோல்கீப்பர் மைக் மெனியன் உதினே நகரில் நடந்த ஆட்டத்தில் வெளியேறினார், சக வீரர்களும் கூடவே போனார்கள், சில நிமிடங்கள் கழித்துத் திரும்பி வந்து ஆடி ஜெயித்தார்கள். இங்கிலாந்தில் ஹாரிங்கே பரோ என்ற சிறிய கிளப் 2019-இல் எஃப்.ஏ. கோப்பைத் தகுதி ஆட்டத்தில் வெளியேறியது, அந்த ஆட்டம் மறுபடி நடத்தப்பட்டது. வெளியேறினால் தோற்றதாகவே எழுதிவிடுவார்கள் என்ற பயம் எப்போதும் உண்மையாவதில்லை. ஆனால் ஆகவும் கூடும், அதனால் புள்ளி போனாலும் பரவாயில்லையா என்பதை எல்லாரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

அன்றிரவு தூங்கும் முன்

எழுதி வையுங்கள். பெரும்பாலான அணிகள் கோட்டை விடுவது இங்கேதான். "கூட்டத்தில் சிலர் திட்டினார்கள்" என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுத வேண்டும்: "இரண்டாம் பாதி, 61-வது நிமிடம். வடக்கு ஸ்டாண்ட், கீழ் அடுக்கு, கார்னர் கொடிக்குப் பின்னால் மூன்றாவது அல்லது நான்காவது வரிசை. நீலச் சட்டை, தலையில் துண்டு. சொன்ன சொல் இது. இரண்டு முறை சொன்னார். கேட்டவர்கள்: கோல்கீப்பர், வலது பின்கள வீரர், பந்து எடுத்துப் போடும் பையன்." சொல்லைப் புள்ளி வைத்து மறைக்காமல் அப்படியே எழுதுங்கள், விசாரணைக்கு அதுதான் தேவை. கேட்ட ஒவ்வொருவரும் தனித்தனியாக, மற்றவர் எழுதியதைப் பார்க்காமல் எழுதட்டும். நடுவர் தன் அறிக்கையில் புகாரைக் குறித்தாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், கண்காணிப்புக் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மைதான நிர்வாகத்துக்கு அன்றே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

இடம் துல்லியமாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2021 ஜனவரி சிட்னி டெஸ்ட் ஒன்று போதும். எல்லைக்கோட்டருகே நின்ற முகமது சிராஜ் கேப்டன் ரஹானேவிடம் சொல்ல, அம்பயர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள், ஆறு பேர் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு நடந்த விசாரணையில் இந்திய வீரர்கள் நிறவெறி வசைக்கு ஆளானது உண்மைதான் என்று கிரிக்கெட் ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டது, ஆனால் அந்த ஆறு பேர் குற்றவாளிகள் அல்ல என்றும் சொன்னது. திட்டியவர்கள் அகப்படவே இல்லை. சிராஜ் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார், கேலரிக்குள் ஆளை அடையாளம் காண்பது மைதானத்துக்காரர்களின் வேலை. அந்த வேலையை அவர்கள் ஒழுங்காகச் செய்வதில்லை என்பதால்தான் உங்கள் குறிப்பு கூர்மையாக இருக்க வேண்டும் என்கிறேன்.

முடிவெடுப்பது

இரண்டொரு நாள் பொறுத்து அணி கூடட்டும். திட்டு வாங்கியவரிடம் முதலில் தனியாகக் கேளுங்கள், அவருக்கு இது வேண்டுமா என்று. வேண்டாம் என்றால் அவர் பெயரை வைத்து நீங்கள் போராடக் கூடாது. வேண்டும் என்றால் அத்தோடு அவர் வேலை முடிந்தது, பத்திரிகைக்காரர்களிடம் பேசுவதும் கையெழுத்துப் போடுவதும் மற்றவர்கள் பொறுப்பு.

எதைப் புறக்கணிக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒரு மைதானத்தையா, ஒரு கிளப்பையா, மொத்தப் போட்டித் தொடரையா? மைதானம் என்று குறுக்கிக்கொள்வதுதான் நல்லது என்று நினைக்கிறேன். "வேறு எந்த இடத்தில் வைத்தாலும் ஆடத் தயார்" என்று நீங்கள் சொல்லும்போது, ஆட மறுக்கிறார்கள் என்று லீக் உங்கள் மேல் அபராதம் போடுவது கடினமாகிவிடும். என்ன நஷ்டம் வரும் என்பதையும் ஒளிக்காமல் பேசுங்கள்: புள்ளி, பரிசுப் பணம், தரவரிசை, ஒப்பந்தத்தில் உள்ள ஷரத்துகள். வீரர்கள் சங்கம் இருந்தால் கடிதம் போகும் முன் அவர்களுடைய வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அணியில் புதிதாகச் சேர்ந்தவர்களும் தினக்கூலி போல ஆட்டத்துக்கு ஆட்டம் பணம் வாங்குகிறவர்களும் வெளியே சொல்லாமல் பயந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு வரும் நஷ்டத்தை மூத்தவர்கள் பகிர்ந்துகொள்வார்களா என்று அந்தக் கூட்டத்திலேயே கேட்டு, பதிலை எழுதியும் வையுங்கள்.

அப்புறம் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன நடந்தது, எப்போது புகார் செய்தோம், என்னென்ன நடந்தால் திரும்பி வருவோம். "மன்னிப்பு கேட்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் இரண்டு வரி அறிக்கை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். செய்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய நிபந்தனையாக எழுதுங்கள். அந்த ஸ்டாண்டில் இருக்கை எண்ணும் டிக்கெட் வாங்கியவர் பெயரும் பதிவாக வேண்டும், ஸ்டாண்டைப் பார்த்தபடி நிற்கும் காவலர்களுக்கு யாரை எப்படி வெளியேற்றுவது என்ற அதிகாரம் எழுத்தில் தரப்பட வேண்டும், அடையாளம் தெரிந்த ஆளுக்கு மைதானத் தடை விதித்து அதை வெளியே அறிவிக்க வேண்டும், விசாரணை முடிவு இன்ன தேதிக்குள் வெளிவர வேண்டும். இந்த மாதிரி மூன்று நான்கு போதும்.

வெளியே சொல்லும்போது

எந்தப் பார்வையாளரின் படத்தையும் பெயரையும் நீங்களாக வெளியிடாதீர்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக அரங்கில் நடந்த வாலிபால் ஆட்டத்தில் கேலரியிலிருந்து நிறவெறி வசை வந்ததாக டியூக் பல்கலைக்கழக வீராங்கனை சொன்னார். ஒருவருக்குத் தடை விதிக்கப்பட்டது, டியூக்கின் அடுத்த ஆட்டம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது, சவுத் கரோலைனா கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் டான் ஸ்டேலி அந்தப் பல்கலைக்கழகத்தோடு இருந்த ஆட்டங்களை ரத்து செய்தார். பிறகு பிரிகாம் யங் தானே நடத்திய விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை என்று சொல்லித் தடையை விலக்கியது. ஸ்டேலி தன் முடிவிலிருந்து மாறவில்லை, அது அவர் உரிமை. ஆனால் ஓர் ஆளைத் தவறாகக் காட்டிவிட்டால் பேச்சு முழுக்க அந்த ஆள் பக்கம் திரும்பிவிடும், வசைக்கு ஆளானவரைப் பொய்க்காரி என்று பேச ஒரு கூட்டம் காத்திருக்கும்.

"நாலு பேர் செய்ததற்கு மொத்த ரசிகர்களையும் ஏன் தண்டிக்கிறீர்கள்" என்ற கேள்வி கண்டிப்பாக வரும். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்: அந்த நாலு பேரை உள்ளே விட்டதும், கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததும் மைதான நிர்வாகம், நாங்கள் புறக்கணிப்பது அதைத்தான். நாலு பேரைத் தனியாகப் பிடிக்கவும் வழி உண்டு. 2023 மே மாதம் வலென்சியாவின் மெஸ்தாயா மைதானத்தில் ரியல் மாட்ரிட் கால்பந்து வீரர் வினிசியஸ் ஜூனியரைத் திட்டிய மூன்று பேருக்கு அடுத்த ஆண்டு ஸ்பெயின் நீதிமன்றம் 8 மாதச் சிறைத் தண்டனையும் 2 ஆண்டு மைதானத் தடையும் விதித்தது. அதனால் போலீஸ் புகாரையும் தனியாகக் கொடுத்து வையுங்கள், புறக்கணிப்பு முடிந்தாலும் வழக்கு நடக்கட்டும்.

மற்ற அணிகளிடமும் பேசுங்கள். ஆஸ்திரேலியாவுக்கே உரிய ஃபுட்பால் வகையில் (நாம் ஆடும் கால்பந்து அல்ல) பூர்வகுடி வீரரான ஆடம் கூட்ஸ் 2015-இல் மைதானத்துக்கு மைதானம் கூச்சலை வாங்கினார், நடுவில் ஓய்வெடுத்தார், அந்த சீசனோடு ஆட்டத்தையே விட்டுவிட்டார். லீக்கும் 18 கிளப்களும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டது 2019-இல். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அதே 18 கிளப்களில் நாலு கிளப் 2015-லேயே "இந்தக் கூச்சல் நிற்காமல் நாங்கள் களமிறங்க மாட்டோம்" என்று சொல்லியிருக்கலாம்.

திரும்பிப் போவது

நிபந்தனைகள் நிறைவேறினால் போங்கள், இழுத்தடிக்காதீர்கள். நிறைவேறாமல் "போதும், சமாதானமாகப் போகலாம்" என்று யார் சொன்னாலும் கடிதத்தை எடுத்துக் காட்டுங்கள். அணி திரும்பினாலும் திட்டு வாங்கியவருக்கு மனம் வரவில்லை என்றால் அந்த ஆட்டத்தில் அவருக்கு ஓய்வு கொடுங்கள், சம்பளத்தில் கை வைக்காதீர்கள். செரீனா 2015-இல் இந்தியன் வெல்ஸுக்குத் திரும்பினார், வீனஸ் அதற்கு அடுத்த ஆண்டுதான் போனார். ஒரே வீட்டுப் பெண்களுக்கே ஆளுக்கொரு காலம் தேவைப்பட்டது.

முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் கேப்டனும் மேனேஜரும் அந்த ஸ்டாண்டுக்குள் நடந்து பார்த்துவிட்டு வரட்டும். இருக்கை எண்கள் ஒட்டியிருக்கிறதா, கேமரா அந்த வரிசைகளைப் பார்க்கிறதா, காவலர் எங்கே நிற்பார், அவர் பெயர் என்ன, வசை வந்தால் களத்திலிருந்து யாருக்குக் கை காட்டுவது? இதையெல்லாம் ஆட்ட நாளில் நடுவரிடமும் எதிரணி கேப்டனிடமும் ஒருமுறை சொல்லிவிட்டுக் களமிறங்குங்கள்.