கால்குலேட்டரின் வேகமும் பேட்டரியும்: என் அனுபவம்

என்னிடம் இருப்பது பழைய டிஐ-85, சமன்பாடுகளைத் திரையில் வளைவாக வரைந்து காட்டும் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கால்குலேட்டர். 1992ல் வந்த மாடல், உள்ளே 6 மெகாஹெர்ட்ஸ் இசட்80 பிராசஸர், நான்கு ஏஏஏ பேட்டரி. கிராஃப் இன்னும் வேகமாக வர வேண்டும் என்று ஆசை. பிராசஸருக்குத் தாளம் போடும் ஆஸிலேட்டரின் வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு பொடி கெபாசிட்டர்தான். அதைக் கழற்றிவிட்டுக் குறைந்த பிகோஃபாரட் (கெபாசிட்டரின் அளவு) உள்ளதைப் பற்றவைத்தேன். வளைவு சட்டென்று ஓடியது, பார்க்கவே ஆனந்தம்!

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பயந்தேன். வேகம் கூடினால் மின்சாரம் கூடுதலாக இழுக்கும், உண்மைதான். ஆனால் வேலையும் அதே அளவு சீக்கிரம் முடிகிறது. பட்டனுக்காகக் காத்திருக்கும்போது பிராசஸர் ஓய்வில்தான் இருக்கும். அதனால் ஒரு கிராஃபுக்கு ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. முடிவில்லாமல் ஓடும் புரோகிராம்தான் பேட்டரியைக் குடிக்கும்.

உண்மையான சிக்கல் வேறு. பேட்டரி பாதி இறங்கி வோல்டேஜ் குறைந்ததும், அந்த வேகத்தில் திரை உறைந்துபோனது. இன்னொரு கால்குலேட்டருக்குக் கேபிளில் புரோகிராம் அனுப்புவதும் தடுமாறியது. ஆகவே பழைய கெபாசிட்டரை ஒரு சின்ன சுவிட்ச் வழியாகத் திரும்ப இணைத்தேன். அனுப்பும்போதும் பேட்டரி தளரும்போதும் பழைய வேகம். அணைத்துவிட்டுத்தான் சுவிட்சை மாற்றுகிறேன். திறக்கும் முன் புரோகிராம்களைப் பத்திரப்படுத்துங்கள், நினைவகத்தைக் காக்கும் சின்ன பேக்கப் செல்லையும் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும்.