பாப் கிரஹாம் ரவுண்டு ஓட ஆசையா? முதலில் இன்னொருவரின் பையைச் சுமந்து பாருங்கள்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் மலையை 'ஃபெல்' என்பார்கள். பாதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மலைகளில் ஏறி இறங்கி ஓடுவதுதான் ஃபெல் ரன்னிங். அதில் பலரும் வாழ்நாளில் ஒருமுறையாவது முடித்துவிட வேண்டும் என்று நினைக்கும் சவால் பாப் கிரஹாம் ரவுண்டு. கெஸ்விக் ஊரின் நடுவில் மூட் ஹால் என்ற பழைய மண்டபம் இருக்கிறது. அதன் கதவைத் தொட்டுவிட்டுக் கிளம்பி, 42 மலையுச்சிகளுக்கும் போய்விட்டு, 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்து அதே கதவைத் தொட வேண்டும். தூரம் சுமார் 106 கிலோமீட்டர். ஏறுகிற உயரத்தை மட்டும் கூட்டினால் 8,200 மீட்டர் அளவுக்கு வரும்.

பாப் கிரஹாம் கெஸ்விக்கில் தங்கும் விடுதி நடத்தியவர். 1931-ல் முயன்று முடியாமல் போய், 1932 ஜூனில் 23 மணி 39 நிமிடத்தில் முடித்தார். காலில் டென்னிஸ் ஷூ. சாப்பாடு ரொட்டி, வெண்ணெய், அரைவேக்காட்டு முட்டை, பழம். அவரும் தனியாக ஓடவில்லை. வழி தெரிந்த நண்பர்கள் பகுதி பகுதியாகக் கூடவே வந்தார்கள். அதற்குப் பிறகு 28 வருடம் யாராலும் அதை மறுபடி செய்ய முடியவில்லை. 1960-ல் ஆலன் ஹீட்டன் செய்தார். 1971-ல் பாப் கிரஹாம் 24 மணி நேர கிளப் உருவானது.

இது போட்டி இல்லை என்பதைத் தொடங்குகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மார்பில் எண் இல்லை, வழியில் ரிப்பன் கட்டியிருக்காது, தண்ணீர்ப் பந்தலும் கிடையாது. நாளைக் குறிப்பதும் ஆட்களைச் சேர்ப்பதும் உங்கள் வேலை. கிளப் உங்கள் முயற்சியைப் பதிவு செய்துகொள்ளும், முடித்தபின் சரிபார்த்து உறுப்பினராக ஏற்றுக்கொள்ளும். அதற்கு அவர்கள் கேட்பது, ஒவ்வொரு உச்சியிலும் உங்களோடு ஒரு சாட்சி நின்றிருக்க வேண்டும் என்பது. ஆக, 42 உச்சிக்கும் யாரோ ஒருவர் தன் தூக்கத்தை விட்டு உங்களோடு வர வேண்டும். பொறுப்பாகப் பங்கேற்பது பற்றி நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விதியிலிருந்துதான் வருகிறது.

படி 1: சப்போர்ட்டுக்குப் போங்கள்

உங்கள் ரவுண்டுக்குக் குறைந்தது ஒரு வருடம் முன்பே, மற்றவர்களின் ரவுண்டுக்குத் துணை ஓட்டக்காரராகப் போங்கள். உள்ளூர் ஓட்டக் கிளப் ஒன்றில் சேர்ந்தால் வாய்ப்பு தானாக வரும். ஓடுகிறவரின் சாப்பாடு, தண்ணீர், மாற்றுச் சட்டை எல்லாம் உங்கள் பையில் இருக்கும். நேரத்தைக் குறிப்பதும் வழி பார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

நான் முதலில் போனது இரண்டாம் கட்டத்துக்கு. இரவு ஒரு மணிக்கு த்ரெல்கெல்ட் கிராமத்தில் ஒரு தெர்மாஸோடு காத்திருந்தேன். பிளென்காத்ரா மலையிலிருந்து இரண்டு சின்ன வெளிச்சங்கள் இறங்கி வந்ததைப் பார்த்த நிமிடம் இன்னும் நினைவிருக்கிறது. அன்று விடியும்போது எனக்கு ஒன்று தெரிந்தது: மணிக்கணக்கில் ஓடியவருக்குப் பசி தெரியாது, குளிர் தெரியாது, ஆனால் கூட இருப்பவருக்குத் தெரியும். "இதைச் சாப்பிடு" என்று நீட்ட ஓர் ஆள் வேண்டும். இதை முதலில் கொடுக்கும் இடத்திலிருந்து கற்றுக்கொள்வதுதான் நல்லது.

படி 2: வழியைக் கட்டம் கட்டமாகப் பழகுங்கள்

ரவுண்டு ஐந்து கட்டம். கெஸ்விக்கிலிருந்து த்ரெல்கெல்ட் வரை ஸ்கிடா, கிரேட் கால்வா, பிளென்காத்ரா என்று மூன்று உச்சி. அடுத்து டன்மெயில் ரெய்ஸ் கணவாய் வரை ஹெல்வெல்லின் தொடரும் அதை ஒட்டிய மலைகளுமாகப் பன்னிரண்டு. பிறகு வாஸ்டேல் பள்ளத்தாக்கு வரை பதினைந்து. இங்கிலாந்தின் மிக உயரமான ஸ்காஃபெல் பைக், 978 மீட்டர், இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. நான்காவதில் ஹானிஸ்டர் கணவாய் வரை ஒன்பது. கடைசியில் டேல் ஹெட், ஹிண்ட்ஸ்கார்த், ராபின்சன் மூன்றும் முடிந்தால் கெஸ்விக். இந்தத் திசையிலும் போகலாம், எதிர்த்திசையிலும் போகலாம்.

ஐந்தாவது கட்டத்திலிருந்து பழகத் தொடங்குவது என் பரிந்துரை. அது சின்னது, நிதானமாக வரைபடம் படிக்கலாம். மூன்றாவதைக் குறைந்தது இரண்டு தடவையாவது பகலில் நடந்து பாருங்கள். பாறையும் சதுப்பும் மாறி மாறி வரும், மேகம் இறங்கினால் பத்தடி தள்ளி இருப்பவர்கூடத் தெரியமாட்டார். அப்புறம், இரவில் ஓடப்போகிற கட்டத்தை ஒருமுறை இரவிலேயே தலைவிளக்கோடு ஓடிப் பாருங்கள்.

போனில் வழிகாட்டும் செயலி இருக்கட்டும். ஆனால் ஈரமும் குளிரும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், விரல் நனைந்தால் தொடுதிரை கேட்காது. காகித வரைபடமும் திசைகாட்டியும் எடுத்துப்போங்கள், இரண்டையும் பயன்படுத்தத் தெரிந்துகொண்டு போங்கள்.

படி 3: நாள், அட்டவணை, பதிவு

பெரும்பாலோர் மே, ஜூன் மாதங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜூன் நடுவில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். பௌர்ணமியை ஒட்டிய நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு உச்சிக்கும் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அட்டவணை போடுங்கள். 24 மணி நேரத்துக்குக் கணக்குப் போடாமல் 23 மணி நேரத்துக்குப் போட்டால், வழி தவறினாலும் வயிறு கெட்டாலும் ஒரு மணி நேரம் கையில் இருக்கும். முயற்சிக்கு முன்பே கிளப்பிடம் பதிவு செய்துவிடுங்கள்.

படி 4: ஆட்களைச் சேர்ப்பது

கட்டத்துக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் வழி பார்க்க, ஒருவர் சாப்பாடு சுமக்க. எட்டுப் பேர் கூட்டமாக வந்தால் உற்சாகமாகத்தான் இருக்கும், ஆனால் பாதையும் தாங்காது, கிராமத்தில் கார் நிறுத்த இடமும் கிடைக்காது.

பலர் யோசிக்காத ஒரு விஷயம்: துணைக்கு வருபவரும் பின்தங்கலாம். உங்களுக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும், அவரை விட்டுவிட்டுப் போகத் தோன்றும். அதனால் துணைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் தனக்கென்று வரைபடம், திசைகாட்டி, விசில், மழையுடை, கொஞ்சம் உணவு இருக்க வேண்டும். எந்த இடத்தில் எந்தப் பக்கம் இறங்கினால் சாலைக்குப் போகலாம் என்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேகத்திலோ இரவிலோ யாரையும் தனியாக விடாதீர்கள். ரவுண்டை இன்னொரு நாள் ஓடிக்கொள்ளலாம்.

காரோட்டியையும் மறக்காதீர்கள். கெஸ்விக்கிலிருந்து வாஸ்டேலுக்குச் சாலை வழியாக மலைகளைச் சுற்றிக்கொண்டு போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைசிப் பகுதி ஒடுங்கிய சாலை. இரவெல்லாம் மலையில் ஓடியவர் அந்த வண்டியை ஓட்டக்கூடாது. நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவரை அதற்கென்றே வையுங்கள்.

படி 5: பையில் என்ன

பிடிப்புள்ள ஃபெல் ஷூ, தையல் வழியே நீர் புகாதபடி ஒட்டிய மழைச்சட்டையும் மழைப்பேன்ட்டும், தொப்பி, கையுறை, கூடுதல் கம்பளிச் சட்டை, தலைவிளக்கு, விசில். ஜூன் மாதத்திலும் உச்சியில் காற்றும் மழையும் சேர்ந்தால் உடல் வெப்பம் இறங்கிவிடும். சாப்பாட்டில் இனிப்பு ஜெல்லை மட்டும் நம்பாதீர்கள். பத்து மணி நேரத்துக்குப் பிறகு நாக்கு உப்பு கேட்கும். உப்புப் போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு, சூப், தேநீர் எல்லாம் அப்போது இறங்கும்.

படி 6: பிராட் ஸ்டாண்ட்

ஸ்காஃபெல் பைக்குக்கும் ஸ்காஃபெல்லுக்கும் நடுவில் பிராட் ஸ்டாண்ட் என்ற பாறை குறுக்கே நிற்கிறது. வரைபடத்தில் இரண்டு உச்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நேராக ஏறினால் நேரம் மிச்சம். ஆனால் அது பாறை ஏற்றம். வழுக்கினால் கீழே பிடிக்க ஒன்றும் இல்லை, பல விபத்துகள் நடந்த இடம். முன்பே ஒருவர் மேலே போய்க் கயிறு கட்டி, உங்களைப் பாதுகாக்கத் தெரிந்தவராகவும் இருந்தால் மட்டும் அந்த வழியை யோசியுங்கள். ஈரமாக இருந்தால் அதுவும் வேண்டாம். ஃபாக்ஸஸ் டார்ன் என்ற சின்னக் குளத்தின் வழியாகச் சுற்றிப் போனால் அதிக இறக்கமும் ஏற்றமும் உண்டு, நேரமும் கூடும். அந்த நேரத்தை அட்டவணையிலேயே சேர்த்துவிட்டால் அங்கே நின்று குழம்ப வேண்டியதில்லை. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தச் சுற்று வழியைத்தான்.

படி 7: மண்ணும் ஊரும்

இந்த மலைகளில் ஹெர்ட்விக் ஆடுகள் மேய்கின்றன, விவசாயிகள் வாழ்கிறார்கள். வசந்தத்தில் குட்டி போடும் காலம், ஆடுகளை விரட்டும்படி ஓடாதீர்கள். நீங்கள் திறந்த கேட்டை மூடுங்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்களில் ஏறிக் குதிக்காதீர்கள், ஒரு கல் சரிந்தால் பக்கத்துக் கற்களும் சரியும். பாதை அரிப்பைச் சரிசெய்ய ஃபிக்ஸ் த ஃபெல்ஸ் தன்னார்வலர்கள் கல் சுமந்து உழைக்கிறார்கள், வளைவில் குறுக்கே வெட்டி ஓடினால் அவர்கள் உழைப்பு வீணாகும். உணவுப் பொட்டலங்களை முன்கூட்டியே மலையில் ஒளித்து வைக்காதீர்கள். நள்ளிரவில் த்ரெல்கெல்டில் கார்க் கதவை மெதுவாகச் சாத்துங்கள், கைதட்டலை மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: நிறுத்த வேண்டிய நேரம்

எந்தச் சூழ்நிலையில் நிறுத்துவது என்று முந்தின நாளே துணைவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். ஓடும்போது உங்கள் தலை சரியாக வேலை செய்யாது, அதனால் கடைசி வார்த்தை அவர்களுடையதாக இருக்கட்டும். பேச்சு குழறினாலோ நடுக்கம் நிற்காவிட்டாலோ, உடனே காற்றுக்கு மறைவாகப் போய்க் கூடுதல் உடையைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இறங்க முடியாத நிலை வந்தால் 999-ஐ அழைத்து, போலீஸ் கேட்டு, மவுண்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்லுங்கள். வாஸ்டேல் பக்கம் போன் சிக்னல் கிடைப்பது கஷ்டம். முன்கூட்டியே பதிவு செய்துவைத்தால் 999-க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், அழைப்பு போகாத இடத்தில் அது சில நேரம் போகும். விசிலை ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஆறு முறை ஊதுங்கள். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கட்டணம் கேட்கமாட்டார்கள்.

முடித்த பிறகு

கதவைத் தொட்டாச்சு. சரி, முதலில் சாப்பிட்டுத் தூங்குங்கள். பிறகு ஒவ்வொரு உச்சியின் நேரத்தையும் அங்கே நின்ற சாட்சியின் பெயரையும் எழுதிக் கிளப்புக்கு அனுப்புங்கள். அந்தப் பெயர்களில் இன்னும் ரவுண்டு ஓடாதவர்கள் யார் என்று பாருங்கள். அவர்கள் எந்த மாதம் ஓடப்போகிறார்கள் என்று கேட்டு, உங்கள் காலண்டரில் அந்த வார இறுதியைக் குறித்துவையுங்கள்.