உடைந்த பானையும் ஒரு மணி நேரமும்: கல்லூரி மியூசியத்தில் இலவச ஓவிய நிகழ்ச்சி நடத்துவது எப்படி

முதல் தடவை நடத்தியபோது ஆளே வரவில்லை என்று நினைத்துக்கொண்டு பதினொரு மணி வரை மியூசியம் அறையில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம்தான் தெரிந்தது, பூ விற்கிற அக்கா ஒருவரும் அவர் பேரனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கேட்டிலேயே நிற்கிறார்கள், செக்யூரிட்டி ஐடி கார்டு கேட்டிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. ஆகவே நான் சொல்லப்போகிற முதல் வேலை ஓவியமும் இல்லை பானையும் இல்லை, கேட்தான்.

மதுரையைச் சுற்றிச் சில கல்லூரிகளில் வரலாற்றுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் பானை ஓடு, நாலைந்து ஓலைச்சுவடி, பழைய காசு. கல்லூரியை மதிப்பிட ஆய்வுக் குழு வருகிற வாரம் மட்டும் திறந்து துடைத்துவிட்டு மறுபடி பூட்டிவிடுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் மியூசியம் 1683-இல் திறந்தது, இன்றைக்கு அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. அமெரிக்காவில் ஓபர்லின் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போய், 1940-களிலிருந்து அசல் ஓவியங்களையே மாணவர்களுக்குச் சொற்ப வாடகைக்குக் கொடுத்து ஹாஸ்டல் அறையில் மாட்டிக்கொள்ளச் சொல்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், ஒரே ஒரு பொருள், போதும். உடைந்த பானையின் ஒரு துண்டை வைத்துக்கொண்டு முழுப் பானை எப்படி இருந்திருக்கும் என்று வருகிறவர்கள் வரைய வேண்டும், அதுதான் நிகழ்ச்சி.

1. கேட்

பிரின்சிபாலுக்கு ஒரு பக்கக் கடிதம். தேதி, நேரம், எந்த வாசல், எத்தனை பேர், பொறுப்பு யார், அவ்வளவுதான். கையெழுத்தான நகல் ஒன்றை செக்யூரிட்டி அறையில் ஒட்டிவிட்டு, முந்தின நாள் சாயங்காலம் நேரில் போய் ஒரு தடவை சொல்லிவிடுங்கள், ஷிஃப்ட் மாறியிருக்கும். கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு மாணவரை உட்கார வையுங்கள். சனிக்கிழமை எந்தக் கழிப்பறை திறந்திருக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், வயசானவர்கள் வருவார்கள்.

2. தேதியும் நோட்டீஸும்

சித்திரைத் திருவிழா, பெரிய முகூர்த்த நாள் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல், மே என்றால் காலை ஒன்பதரைக்கே தொடங்கிவிடுங்கள், உச்சி வெயிலில் யாரும் கிளம்பி வரமாட்டார்கள். நோட்டீஸை டீக்கடை, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப்பில் ஒட்டலாம், ஆனால் ஒரு கல்லூரியின் பெயரோடு ‘இலவசம்’ என்று போட்டால் அட்மிஷன் விளம்பரம் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். எங்கள் நோட்டீஸில் இப்போது இப்படிப் போடுகிறோம்: ‘பானை பார்த்து வரையலாம். காசு வேண்டாம். அட்மிஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.’

3. பானையை உடைப்பது

கண்ணாடிப் பெட்டியைத் திறக்கவே தேவையில்லாத ஏற்பாடு இது. மானாமதுரை மண்பானை இரண்டு வாங்குங்கள், இரண்டும் ஒரே அளவு. ஒன்றைத் துணியில் மூடி மறைத்து வைத்துவிடுங்கள். மற்றதைச் சாக்குக்குள் போட்டுக் கட்டி, கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் தூளாகிவிடும், நான் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நமக்கு வேண்டியது வாய் விளிம்புத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஏழெட்டு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். கூரான ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

வயல்காட்டில் கிடக்கிற பழைய ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். எங்கே கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அந்த ஓட்டின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். யாராவது எதையாவது பார்த்ததாகச் சொன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு ஏ3 தாளில் ஒரே மையத்தில் வட்டங்கள் போடுங்கள், ஆரம் 4 சென்டிமீட்டரில் தொடங்கி 14 வரை, அரை அரை சென்டிமீட்டராகக் கூட்டிக்கொண்டே. காம்பஸ் எட்டாத இடத்தில் நூலும் பென்சிலும். ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ். பரீட்சை அட்டையை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னால் செலவு மிச்சம். பென்சில் மட்டும்தான், பேனாவே அறைக்குள் வரக்கூடாது, மை சிந்திவிட்டால் சுவடியிலிருந்து எடுக்க முடியாது.

4. அந்த ஒரு மணி நேரம்

முதல் பத்து நிமிடம் கருப்பு-சிவப்பு ஓடுகள் இருக்கிற பெட்டி முன்னால் நின்று எல்லோரும் பார்க்க வேண்டும், நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. பிறகு மூன்றே கேள்விகள்: என்ன தெரிகிறது, எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தெரிகிறது? உளவியலாளர் அபிகெய்ல் ஹௌசனும் மியூசியக் கல்வியாளர் ஃபிலிப் யெனவைனும் உருவாக்கிய முறை இது, உலகம் முழுக்க மியூசியங்களில் பயன்படுத்துகிறார்கள். வருஷத்தையும் வம்சத்தையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் உடனே அது வகுப்பாகிவிடும், எல்லோரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். ஒருவர் ‘உள்ளே கருகியிருக்கு’ என்றார். கிட்டத்தட்ட அதேதான்: சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்தால் காற்று போகாத உள்பக்கம் கருக்கும், காற்றுப் படுகிற வெளிப்பக்கம் சிவக்கும் என்றுதான் பொதுவாக விளக்குகிறார்கள்.

இனி நாம் உடைத்த பானையின் விளிம்பு ஓட்டைக் கையில் கொடுங்கள். விளிம்பு கீழே இருக்கும்படி மேஜையில் கவிழ்த்து, விளிம்புக்கும் மேஜைக்கும் நடுவில் வெளிச்சம் தெரியாத வரை சாய்த்துப் பார்க்க வேண்டும். பானையில் அந்த ஓடு எப்படிச் சாய்ந்து நின்றதோ அந்தச் சாய்வு அதுதான். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எல்லாமே தப்பாகும். அதே சாய்வோடு வட்டத் தாளுக்கு நகர்த்தி, விளிம்பின் வளைவு எந்த வட்டத்தோடு ஒட்டிப் பொருந்துகிறதோ அதுதான் பானையின் வாய். அகழாய்வுகளிலும் ஒரு துண்டு விளிம்பிலிருந்து முழுப் பானையின் வாய் அகலத்தை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் வந்தால் கணக்கும் உண்டு. விளிம்பின் இரண்டு முனைகளுக்கு நடுவே நேர்தூரம் 8 செ.மீ., நடுவில் வளைவின் உயரம் 1 செ.மீ. என்றால், 8-ஐ 8-ஆல் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். 8.5 ஆரம், ஆக வாய் 17 செ.மீ.

வரைவது இதற்கப்புறம் சுலபம். தாளின் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு, மேலே வாய் அகலத்துக்கு ஒரு கிடைக்கோடு. இரண்டு ஓரத்திலும் விளிம்பின் மடிப்பை ஓட்டைப் பார்த்தே வரையுங்கள். ஓடு எதுவரை இருக்கிறதோ அதுவரை முழுக்கோடு, அதற்குக் கீழே வயிறும் அடியும் ஊகம்தான், அதனால் புள்ளிக்கோடு. இந்தப் புள்ளிக்கோட்டில்தான் நிகழ்ச்சியே களைகட்டும், ஆளுக்கு ஒரு பானை வரும். பூக்கார அக்கா பென்சிலையே தொடாமல் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, ‘இது தண்ணிப் பானை தம்பி, தூக்கும்போது விரல் பிடிக்கத்தான் வெளிய மடிச்சிருக்கு’ என்றார். மூன்று வருஷமாக ஓடு பார்க்கிற எனக்கு அது தோன்றவில்லை.

கடைசி ஐந்து நிமிடத்தில் துணியை விலக்கி முழுப் பானையைக் காட்டி அளந்து பாருங்கள். கையால் வனைந்தது, அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். வரைந்த தாளை அவரவர் வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். ஆர்வம் வந்தவர்களிடம் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்லுங்கள், மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான், ‘ஆதன்’ என்று தமிழியில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், கீறிய ஓட்டைப் பார்க்கும்போது விளிம்பைத் தேடுவார்கள்.

ஓடுகளைத் துணிப்பையில் போட்டு வைத்தால் அடுத்த மாதத்துக்கும் ஆகும். எங்கள் முழுப் பானை இப்போது கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் நாற்காலிக்குப் பக்கத்தில் தண்ணீரோடு இருக்கிறது, வருகிறவர்கள் அதில் குடித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். விடையை முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள் என்பதால் அடுத்த தடவை வேறு அளவில் வாங்க வேண்டும்.