வீட்டு வாசல்லயே கார் டயருக்கு காத்து அடிக்கிறது எப்படி

பங்க்ல காத்து இலவசமா தரணும்ங்கறது ரூல், அப்புறம் எதுக்கு காசு குடுத்து ஒரு கம்ப்ரஸர் (காத்து அடிக்கற சின்ன மெஷின்) வாங்கி டிக்கில வெச்சுக்கணும்னு நிறைய பேர் கேக்கறாங்க. காரணம் ஒண்ணே ஒண்ணுதான். டயர் ஆறி இருக்கும்போதுதான் காத்த அளக்கணும், சென்னைல அது வீட்டு வாசல்ல விடியக்காலைல மட்டும்தான் நடக்கற காரியம்.

வேளச்சேரில இருந்து கிளம்பி விஜயநகர் சிக்னல்ல நின்னு நின்னு ஒரு பங்க்குக்கு போய் சேர்றதுக்குள்ள டயர் சூடாயிடும், மே மாசம்னா ரோட்டு சூடும் சேந்துக்கும். டயருக்குள்ள இருக்கற காத்து 10 டிகிரி சூடேறினா பிரஷர் சுமாரா ஒன்றரை பிஎஸ்ஐ (காத்தோட அழுத்தத்த அளக்கற யூனிட்) ஏறும். அதனால சூடான டயர்ல 33 காட்டுச்சுன்னா அது உண்மைல 30 தான், பங்க் அண்ணன் மீட்டர பாத்து "கரெக்டா இருக்கு சார்"னு அனுப்பிடுவாரு, அவர் மேல தப்பே இல்ல, ஆனா நீங்க மறுநாள் காலைல கம்மி காத்தோட வண்டிய எடுப்பீங்க. காத்து கம்மியா ஓடற டயர் பக்கவாட்டுல மடங்கி மடங்கி நிமிரும், அந்த மடங்கல்லயே சூடு ஏறும், ரெண்டு ஓரமும் தேயும், திண்டிவனம் தாண்டி 100ல போகும்போது வெடிக்கற டயர்ல பாதிக்கதை இதுதான். குழந்தைங்கள பின்னாடி உக்கார வெச்சு ஓட்டறோம், இதுல அலட்சியம் வேண்டாம்.

சரி, எவ்ளோ அடிக்கணும்? டிரைவர் கதவ திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருப்பாங்க. முன் டயருக்கு எவ்ளோ, பின் டயருக்கு எவ்ளோ, நாலஞ்சு பேர் லக்கேஜோட போனா எவ்ளோன்னு தனித்தனியா போட்டிருக்கும். அதுதான் உங்க நம்பர், பக்கத்து வீட்டுக்காரர் 35 வெக்கிறாருன்னு நீங்களும் வெக்காதீங்க. டயர் மேலயே 44, 51னு பெருசா ஒண்ணு எழுதியிருக்கும், அத பாத்து அடிச்சிடாதீங்க, அது அந்த டயர் தாங்கற உச்சம், உங்க வண்டிக்கான அளவு இல்ல. ஸ்டிக்கர்ல பார்ங்கற யூனிட்ல போட்டிருந்தா 1 பார்னா பதினாலரை பிஎஸ்ஐ, 2.3 பார்னா 33 கணக்கு. கம்ப்ரஸர்லயே யூனிட் மாத்தற பட்டன் இருக்கும், ஸ்டிக்கர்ல எதுல இருக்கோ அதுலயே வெச்சுட்டா குழப்பமே இல்ல.

ராத்திரி முழுக்க நின்ன வண்டிதான் பெஸ்ட், இல்லன்னா குறைஞ்சது 3 மணி நேரமாவது நின்னிருக்கணும். வெயில் ஒரு பக்கமா அடிக்கற எடத்துல நிறுத்தியிருந்தா அந்த பக்க டயர் ரெண்டும் கூட காட்டும், அதனால வெயில் ஏறறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. ஹேண்ட் பிரேக் போட்டுட்டு, கியர் நியூட்ரல், ஆட்டோமேட்டிக்னா பார்க்ல வெச்சு இன்ஜின ஸ்டார்ட் பண்ணிட்டு அப்புறமா கம்ப்ரஸர காருக்குள்ள இருக்கற 12 வோல்ட் சாக்கெட்ல சொருகுங்க. இன்ஜின் ஓடலன்னாலும் கம்ப்ரஸர் ஓடும், ஆனா பேட்டரி இறங்கும், பழைய பேட்டரின்னா அப்புறம் ஸ்டார்ட்டே ஆகாது. ஒரு முக்கியமான விஷயம், அபார்ட்மெண்ட்ல ஸ்டில்ட் பார்க்கிங்னா நாலு பக்கமும் தெறந்திருக்கும், பரவால்ல, ஆனா மூடின பேஸ்மெண்ட்ல இன்ஜின ஓடவிட்டு பக்கத்துல குந்திக்கிட்டு காத்து அடிக்கவே கூடாது, புகைல வர்ற கார்பன் மோனாக்ஸைடு வாசனையே தெரியாம ஆள சாய்ச்சிடும். வண்டிய மேல கொண்டு வந்துடுங்க, ரேம்ப் ஏறி வர்ற அந்த தூரத்துக்கு டயர் சூடாகாது.

அடுத்தது ஹோஸ மாட்டறது, எல்லாரும் தடுமாறற எடம் இதுதான். எங்க பிளாக்ல மூணாவது மாடி அக்காவுக்கு சொல்லிக்குடுத்தப்ப வால்வ் மூடிய கழட்டி பாக்கெட்ல போட்டுட்டு (கீழ வெச்சா உருண்டு போயிடும்) பித்தளை முனைய வால்வ் மேல வெச்சு திருக ஆரம்பிச்சாங்க, ரெண்டாவது சுத்துலயே உஸ்ஸ்னு சத்தம், டக்குனு கைய எடுத்துட்டாங்க. "தம்பி, காத்தெல்லாம் வெளிய போகுதுப்பா!" "போகட்டும்க்கா, நிக்காம திருகுங்க." உள்ள இருக்கற வால்வ் பின் அமுங்கறதாலதான் அந்த சத்தம், முனைல இருக்கற ரப்பர் வாஷர் வால்வ் மேல நல்லா உக்காந்ததும் சத்தம் கப்புனு நின்னுடும். பாதில நிறுத்தினாதான் காத்து போயிட்டே இருக்கும். கோணலா மட்டும் ஏத்தாதீங்க, மரை வீணாயிடும். லீவர் மாடல்னா இன்னும் ஈஸி, நேரா அழுத்திட்டு லீவர மடக்கினா போதும்.

மாட்டினதும் ஸ்விட்ச போடாதீங்க, மொதல்ல மீட்டர் என்ன காட்டுதுன்னு பாருங்க. மூணு டயர் 31ல இருந்து ஒண்ணு மட்டும் 24 காட்டுச்சுன்னா அந்த டயர்ல ஆணியோ வால்வ் கசிவோ இருக்கு, நேரா அடிக்க ஆரம்பிச்சிட்டா இது தெரியாமலே போயிடும்.

டிஜிட்டல் மாடல்ல நம்பர செட் பண்ணிட்டா வந்ததும் தானா நின்னுடும். முள்ளு மீட்டர் மாடல்னா ஓடும்போது கொஞ்சம் கூட காட்டும், ஆஃப் பண்ணிட்டுதான் படிக்கணும். கழட்டும்போதும் டக்குனு கழட்டிடுங்க, மெதுவா கழட்டினா ஒரு பிஎஸ்ஐ வரைக்கும் போயிடும், ஆனா அந்த முனை கொதிக்கற சூட்டுல இருக்கும், ஒரு துணிய வெச்சு புடிங்க. தனியா ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வெச்சுக்கிட்டா ரொம்ப நல்லது, விலை கம்மியான கம்ப்ரஸர்ல மீட்டர் ரெண்டு மூணு பிஎஸ்ஐ முன்னபின்ன இருக்கறது சகஜம்.

அஞ்சாறு பிஎஸ்ஐ ஏத்தறதுக்கு ஒரு டயருக்கு சில நிமிஷம்தான் ஆகும். சின்ன மெஷின தொடர்ந்து 10 நிமிஷத்துக்கு மேல ஓட்டாதீங்க, ஆறவிட்டு ஓட்டுங்க, எவ்ளோ நேரம்னு மேனுவல்லயே இருக்கும். பாதில திடீர்னு நின்னு சாக்கெட்ல போன் சார்ஜும் ஏறலன்னா ஃபியூஸ் போயிருக்கும். சாக்கெட் பக்கத்துல 120 வாட்டுன்னு போட்டிருந்தா 10 ஆம்பியர்தான் தாங்கும், 15 ஆம்பியர் இழுக்கற மெஷின வாங்கிட்டு வந்து அதுல சொருகாதீங்க. பேட்டரில நேரா கிளிப் மாட்டற மாடல் அதுக்குத்தான் இருக்கு. உள்ளயே சார்ஜ் ஏத்தற கார்ட்லெஸ் மாடல் வசதிதான், ஆனா அத வெயில்ல நிக்கற கார்ல மாசக்கணக்குல போட்டு வெக்காதீங்க, லித்தியம் பேட்டரிக்கு அந்த சூடு ஆகாது.

வழில டயர் கம்மியாகி சூட்டுலயே அடிக்க வேண்டி வந்தா ஸ்டிக்கர் நம்பருக்கு மேல 3 வெச்சு அடிச்சிட்டு மறுநாள் காலைல சரி பண்ணிக்கோங்க. ஓடி வந்த டயர்ல கூட காட்டுதேன்னு காத்த மட்டும் இறக்காதீங்க.

கசியற டயருக்கு சோப்புத் தண்ணி போதும், வால்வ் வாய்லயும் டயர் பட்டைலயும் தடவினா எங்க முட்டை விடுதோ அங்கதான். டியூப்லெஸ் டயர்ல ஆணி குத்தியிருந்தா அத புடுங்காம காத்த அடிச்சிட்டு மெதுவா பஞ்சர் கடைக்கு போயிடலாம், நடுவுல நிறுத்தி நிறுத்தி செக் பண்ணிக்கிட்டே போங்க. ஆனா டயர் மொத்தமா சப்பையாகி ரிம்ம விட்டு விலகி நின்னா இந்த சின்ன மெஷினால ஒக்கார வெக்க முடியாது, பக்கவாட்டு கிழிஞ்சிருந்தாலும் அப்படித்தான், ஸ்டெப்னிய மாட்டிடுங்க.

ஸ்டெப்னின்னதும் ஞாபகம் வருது, மாசம் ஒரு தடவை நாலு டயரையும் பாக்கறவங்க கூட அத விட்டுடறாங்க. உங்க வண்டில ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி இருந்தா அதுக்கு பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வரும், அதோட பக்கவாட்டுலயே எழுதியிருக்கும், மத்த டயர் மாதிரி நெனச்சு 33 அடிச்சு வெச்சிடாதீங்க.