வீட்டிலேயே பாடம், கையில் இருப்பதை வைத்து: மதுரைப் பெற்றோருக்கு ஒரு தொடக்கம்

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் செய்வது பொருள் வாங்குவதுதான். கல்விப் பொம்மைப் பெட்டி, மாதச் சந்தா கட்டும் ஆப், கூரியரில் வரும் பாடத்திட்டம் என்று பணம் கரைந்துவிடும். தயவுசெய்து முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். பிள்ளைக்கு எது வேண்டும் என்பது அதற்குள் தானாகத் தெரிந்துவிடும். ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கோடு போடாத நோட்டு இரண்டு, ஒரு ஸ்கேல், பென்சில், ஒரு சிலேட்டு இருந்தால் நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

படி 1: காலை இரண்டு மணி நேரம்

பள்ளிக்கூடம் மாதிரி எட்டுப் பீரியட் வேண்டாம். ஒன்றிரண்டு பிள்ளைகளோடு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு மணி நேரமே தாராளம். காலைச் சாப்பாடு முடிந்ததும், தினமும் அதே இடத்தில் உட்காருங்கள். வாசிப்பு, கணக்கு, எழுத்து என்ற வரிசை மாறவேண்டாம். மதியத்துக்கு மேல் விளையாட்டும் கைவேலையும்.

படி 2: வாசித்துக் காட்டுங்கள், திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள். பத்து நிமிடம் சத்தமாக வாசியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை தடுமாறும், நடுவில் இருந்து ஆரம்பிக்கும், பெயர்களை மாற்றிச் சொல்லும். குறுக்கே திருத்தாதீர்கள். கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வரி நினைவிருந்தால் போதும். முழுக் கதையையும் சொல்ல வேண்டுமென்றால் எது முதலில், எது அதனால் நடந்தது என்று பிள்ளையே மனதில் அடுக்கியாக வேண்டும். படிப்பு நடப்பது அந்த அடுக்குகிற வேலையில்தான்.

எழுதத் தெரியாத பிள்ளை என்றால், அது சொல்வதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அதையே வாசிக்கக் கொடுங்கள். தான் சொன்ன சொல் என்பதால் ஆவலாக எழுத்துக் கூட்டும். சாயங்காலம் அப்பத்தாவோ அம்மாச்சியோ, "நான் இந்தக் கதையைக் கேட்டதே இல்லையே, நீ சொல்லேன்" என்று கேட்டால் இன்னும் நல்லது. அதற்குப் பதில் அவர்கள் தங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லட்டும்.

புத்தகத்துக்குச் செலவு அதிகமில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகம் எல்லா வகுப்புப் பாடநூல்களையும் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படத்தோடு தமிழ்க் கதைகள் நிறைய உண்டு. புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. வாரம் ஒரு நாள் அங்கே போவதென்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேப்பர் கடையில் சொல்லி வைத்தால் நல்ல சிறுவர் புத்தகங்களை எடுத்து வைத்துத் தருவார்கள்.

படி 3: கணக்கு அடுப்படியில் இருக்கிறது

வீட்டில் பழைய உழக்கும் ஆழாக்கும் கிடந்தால் தேடி எடுங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. அரிசியைக் கொட்டிப் பிள்ளையே அளக்கட்டும். ஆழாக்கு நாழியில் எட்டில் ஒன்று என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம், அது எண்ணிக் கண்டுபிடிக்கும். பின்னம் என்ற பாடத்தை நோட்டில் ஆரம்பிக்க வேண்டியது அதற்கு அப்புறம்தான். உழக்கு இல்லாத வீட்டில் ஒரே அளவு டம்ளர்கள் போதும்.

பெரிய பிள்ளைக்கு மல்லிகை விலை. வெள்ளிக்கிழமைதோறும் பூக்காரம்மாவிடம் முழம் என்ன விலை என்று பிள்ளையே கேட்டு நோட்டில் எழுதட்டும். முகூர்த்த நாளில் விலை ஏறும், பனிக்காலத்தில் வரத்து குறைந்து எகிறும். சில மாதம் சேர்ந்ததும் கட்டம் போட்ட தாளில் கோடு வரையச் சொல்லுங்கள். பூக்காரம்மாவின் முழத்தையும் தன் முழத்தையும் ஸ்கேலால் அளந்து பார்த்தால், சென்டிமீட்டர் என்று ஒரு பொது அளவு எதற்கு என்பதும் புரிந்துவிடும்.

படி 4: மொட்டை மாடியில் ஒரு கம்பு

அறிவியலுக்கு இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியாது. ஒரு வாளி மணலில் கம்பைச் செங்குத்தாக நட்டு மாடியில் வையுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டால் கம்பு சாய்ந்திருக்கிறதா என்று தெரியும். பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி. மிகக் குட்டையான நிழல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு விழாது. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். மதுரை இருப்பது ஏறக்குறைய 78-ல், அதாவது நாலரைப் பாகை மேற்கே. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பிள்ளையைப் பெருக்கச் சொல்லுங்கள். விடை பதினெட்டு நிமிடம் வரும். பன்னிரண்டு மணிக்கு அவ்வளவு பின்னால்தான் நிழல் மிகக் குட்டையாகும். வருடத்தில் சில மாதம் இது கொஞ்சம் முன்பின் ஆகும்.

சித்திரை பிறந்த கையோடு, ஏப்ரல் 16 வாக்கில், உச்சி வேளையில் கம்பின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிடும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மறுபடியும் ஒரு முறை. அந்த நாளைக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.

படி 5: மாதம் ஓர் இடம், ஓர் இடத்தில் ஒரே பொருள்

ஒரே நாளில் நாலு இடம் சுற்றினால் பிள்ளைக்குக் கால்வலிதான் மிஞ்சும். கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகும் முன் தெருவில் பாண்டி விளையாட விடுங்கள். அங்கே காட்சிப் பெட்டியில் வட்டச் சில்லுகளைப் பார்த்ததும் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள்! பானை ஓட்டில் கீறிய 'ஆதன்' போன்ற பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடைந்த தொட்டியின் ஓட்டில், நீங்கள் பக்கத்தில் இருக்க, ஆணியால் தன் பெயரைத் தமிழி என்ற அந்தப் பழைய தமிழ் எழுத்தில் கீறட்டும். சுட்ட மண்ணில் வளைகோடு இழுப்பது எவ்வளவு கடினம் என்று கை சொல்லும்.

அடுத்த மாதம் கீழக்குயில்குடி சமணர் மலை. அங்குள்ள செட்டிப்புடவு என்ற குகையின் மகாவீரர் சிற்பத்துக்குக் கீழே, தமிழின் இன்னொரு பழைய எழுத்தான வட்டெழுத்து இருக்கிறது. அப்புறம் 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி. வெயில் ஏறும் முன் போங்கள், பறவைகளுக்காகவே போங்கள்.

படி 6: சான்றிதழை இப்போதே விசாரியுங்கள்

இந்தியாவில் வீட்டுக் கல்விக்கென்று தனிச் சட்டமோ பதிவு முறையோ இல்லை. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிரம்பியவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்தந்த ஆண்டின் விதியை அறிவிப்பில் சரிபாருங்கள். எந்த மேற்படிப்புக்கு, எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதையும் கேட்டு வையுங்கள். பிள்ளை நடுவில் பள்ளிக்குப் போக ஆசைப்பட்டாலும் தடுக்க வேண்டாம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வழி உண்டு. நோட்டுகளில் தேதி போட்டு வைத்திருந்தால், எதுவரை படித்திருக்கிறது என்று ஆசிரியரிடம் காட்டச் சுலபமாக இருக்கும்.